நூதனசாலைக்குப் போகும் பாதருக்கு

வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஓர் அங்கிலிக்கன் குருவானவர். மலையகத்திலிருந்து வந்து இரண்டு வருடமாகக் கொழும்புப் பாடசாலை ஒன்றில் சாப்ளினாக இருக்கிறார். ஒரு மரபுரிமைச் சங்கம் நடத்தும் ஒருநாள் சமய மாநாட்டுக்கு இவரை அழைத்திருக்கிறார்கள். காலையில் உரைகள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றித் தேசிய நூதனசாலைக்குக் கூட்டிப்போகிறார்கள். இவருக்குப் பேசப் பத்து நிமிடம். "நான் சரித்திரம் படித்தவன் இல்லை. என்ன பேசுவது, நூதனசாலையில் எதைப் பார்ப்பது, விளக்கேற்றல், பௌத்த தேரர்கள் பிரித் ஓதிக் கையில் கட்டும் நூல் மாதிரி விஷயங்களில் எவ்வளவு தூரம் போகலாம்?" என்று கேட்கிறார்.

பாதர், நானும் சரித்திரப் பேராசிரியர் இல்லை. பதினெட்டு வருடம் இந்த மாதிரி மாநாடுகளில் மொழிபெயர்ப்பாளர் கூண்டுக்குள் உட்கார்ந்து, சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் தமிழாக்கிச் சனத்தின் காதுக்குள் ஓதியவன். அதனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்: "எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன" என்ற வசனத்தை இந்த நகரத்தில் என்னைவிட அதிக தடவை சொன்னவர் இருக்க மாட்டார். பேச்சாளர் தொண்டையைச் செருமும்போதே எனக்குத் தமிழ் தயாராகிவிடும். அந்த நேரத்தில் சபையைப் பார்த்திருக்கிறேன். பாதிப்பேர் இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துவிடுவார்கள்.

ஆகவே அந்த வசனத்தைப் பேசாதீர்கள். உங்களுக்குப் பின்னால் வரும் மூன்று பேர் அதைப் பேசுவார்கள். நீங்கள் ஒரு பொருளை எடுங்கள், ஒன்றே ஒன்று. அதன் கதையை முழுதாகச் சொல்லுங்கள், வசதிப்படாத பாதியையும் சேர்த்து. பத்து நிமிடத்துக்கு அது போதும், மிஞ்சியும் இருக்கும்.

எந்தப் பொருள் என்றால், எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. பின்னேரம் நீங்கள் எல்லோரும் போய் நிற்கப்போகும் அதே கட்டடத்தில் இருக்கிறது: காலி மும்மொழிக் கல்வெட்டு. நாலே முக்கால் அடி உயரம், இரண்டரை அடி அகலம் உள்ள ஒரு கற்பலகை. மேல் மூலைகள் இரண்டும் வளைவாக இருக்கும், உச்சியில் இரண்டு சீன நாகங்கள். நேரே நின்று பார்த்தால் உங்கள் வலப்பக்கம் முழுவதும் சீனம், மேலிருந்து கீழாக. இடப்பக்கம் மேலே தமிழ். அதற்குக் கீழே பாரசீகம், அதுதான் அதிகம் தேய்ந்துபோயிருக்கிறது.

கல்லில் உள்ள திகதி 1409 பெப்ரவரி. மிங் வம்சத்துச் சக்கரவர்த்தி யொங்லேயின் பெயரால் சீனாவில் தயாரான கல் அது. கடற்படைத் தளபதி செங் ஹ தன் மூன்றாவது பயணத்தில் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இலங்கையின் தென்கரையில் நாட்டினார். பிறகு எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். 1911இல் காலியில் தொம்லின் என்ற பொறியியலாளர் கண்ணில் படும்போது, அது எழுத்துப் பக்கம் கீழாகக் கவிழ்ந்து, ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. மாட்டுவண்டிகள் மேலால் போயிருக்கும். எழுத்து இந்த அளவுக்காவது மிஞ்சியதற்கு அப்படிக் குப்புறக் கிடந்ததும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

மூன்று மொழியிலும் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்ப்பலகை மாதிரி ஒரே செய்தியை மூன்று தரம் எழுதவில்லை. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது, கடற்பயணத்தில் காத்ததற்கு நன்றியாக. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்குச் செலுத்துகிறது. தேனாவரை என்றால் இன்றைய தெவிநுவர, தேவேந்திரமுனை. அங்கே இருந்த விஷ்ணு கோயிலின் தெய்வம்தான் அந்த நாயனார். பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பக்கம் திரும்பி அல்லாஹ்வைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியலைப் பாருங்கள்: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, எண்ணெய், வாசனைப் பொருள். மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு.

உங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கும் பாதர். பரிசளிப்பு விழாவில் எந்தச் சமயத்துப் பிள்ளை பிரார்த்தனை வாசிப்பது, யாருக்கு எத்தனை நிமிடம் என்று அதிபரோடு குந்தியிருந்து பிரிக்கிற கணக்குத்தான் இது. அறுநூறு வருடத்துக்கு முன்னால் நாங்கிங்கில் யாரோ ஓர் அதிகாரி அதே கணக்கைப் போட்டிருக்கிறார். ஒருத்தருக்கும் ஒரு கழஞ்சு கூடவோ குறையவோ கூடாது.

இந்த இடம்வரைக்கும் நிறையப் பேர் வருவார்கள். "பார்த்தீர்களா, அன்றே மத நல்லிணக்கம்!" என்று சொல்லி இறங்கிவிடுவார்கள், கைதட்டலும் விழும். நீங்கள் அங்கே நிற்காதீர்கள். இந்தக் கல்லைக் கொண்டுவந்த அதே கப்பற்படை, அதே பயணத்தில், இங்கே ஆட்சி செய்த அழகக்கோனாரோடு சண்டை போட்டது. அவனைச் சிறைபிடித்துக் குடும்பத்தோடு கப்பலில் ஏற்றி 1411இல் சீனாவுக்குக் கொண்டுபோனது. சக்கரவர்த்தி பிறகு விடுவித்து அனுப்பினார் என்பது வேறு கதை. ஆக, மூன்று தெய்வங்களுக்கும் சரிசமமாகக் காணிக்கை கொடுத்த கை ஒன்று, அரசனின் கழுத்தைப் பிடித்த கையும் அதே கைதான். காணிக்கை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கடலோடிகளுக்குத் தெய்வபயம் உண்மையாகவே இருக்கும். ஆனால் மரியாதைக்குப் பின்னால் கப்பல்கள் நின்றன என்பதைச் சொல்லாமல் விட்டால் கல்லின் பாதியைத்தான் காட்டியிருக்கிறோம்.

இன்னும் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது, அது உங்கள் பக்கம். அந்தத் தேனாவரைக் கோயில் சாமானியமான கோயில் இல்லை. 1344இல் வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா அங்கே ஏறக்குறைய ஆயிரம் பிராமணர்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். 1588இல் போர்த்துக்கேயர் அதைக் கொள்ளையிட்டு இடித்தார்கள். சீதாவாக்கை முதலாம் இராஜசிங்கன் கொழும்பை முற்றுகையிட்டிருந்த நேரம். அவனுடைய படையைத் திசைதிருப்ப, தென்கரை நெடுகக் கப்பலில் போய் அடித்தபோது இது நடந்தது. கல்லில் தமிழில் பெயர் எழுதப்பட்ட தெய்வத்தின் வீடு, சிலுவைக்கொடி பிடித்து வந்தவர்களால் போனது.

இதை ஒரு கிறிஸ்தவக் குரு, கழுத்துப்பட்டியோடு மேடையில் நின்று, அமைதியாக ஒரு தகவல் மாதிரிச் சொன்னால் சபை நிமிர்ந்து உட்காரும். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், நீங்கள் போர்த்துக்கேயரும் இல்லை, அங்கிலிக்கன் திருச்சபை அந்தக் கப்பலில் வரவும் இல்லை. மழுப்பலும் வேண்டாம். நடந்தது, ஆண்டு இது, இடம் இது. எனக்கு ஞாபகம் இருக்கிறது, பல வருடங்களுக்கு முன் ஒரு மண்டபத்தில் வயதான தேரர் ஒருவர் தம் தரப்புச் செய்த ஒரு பிழையை இப்படி இரண்டே வசனத்தில் சொன்னார். கூண்டுக்குள் எனக்குக் குரல் ஒரு நொடி நின்றுவிட்டது. அன்று மற்ற ஏழு பேர் பேசியதில் ஒரு சொல்கூட இப்போது நினைவில் இல்லை.

சரி, உரை முடிந்தது. நூதனசாலைக்கு வருவோம். மாநாட்டுக்கு முன்பே ஒருதரம் தனியாகப் போய் வாருங்கள் என்பது என் பலமான அபிப்பிராயம். பஸ்ஸில் கூட்டமாகப் போனால் சிற்றுண்டி எப்போது என்ற கேள்வியோடு முக்கால் மணித்தியாலத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். நான் சைவன், வேதாகமம் சொல்லித்தர வரவில்லை. ஆனாலும் பவுல் ஏதென்ஸில் முதலில் ஊரைச் சுற்றி அவர்கள் கும்பிடுகிற பொருட்களைக் கவனித்துப் பார்த்தார், அதன் பிறகுதான் வாய் திறந்தார் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறதல்லவா? அந்த ஒழுங்கு நல்ல ஒழுங்கு.

கட்டடத்தைப் பற்றி இரண்டு வரி. 1877 ஜனவரி 1இல் திறந்தது, ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலம். வரைந்தவர் அரசாங்கக் கட்டடக்கலைஞர் சிமிதர், கட்டியவர் அரசி மரிக்கார் வாப்புச்சி மரிக்கார். வேலை முடிந்ததும் என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்க, "வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வைத்தால் போதும்" என்று அவர் சொன்னதாகக் கொழும்புச் சோனகர்கள் சொல்வார்கள். வெகுகாலம் வெள்ளிக்கிழமைகளில் மூடித்தான் இருந்தது. கண்டி அரசர்களின் சிம்மாசனத்தை எல்லோரும் உங்களுக்குக் காட்டுவார்கள். ஒல்லாந்தர் 1693இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது, 1815க்குப் பிறகு இங்கிலாந்து போனது, 1934இல் திரும்பி வந்தது. நெதர்லாந்தில் இருந்த, கண்டி அரசனின் லெவ்கே பீரங்கியும் வேறு ஐந்து பொருட்களும் 2023 டிசம்பரில் வந்து சேர்ந்தன. மாநாட்டில் 'திருப்பிக் கொடுத்தல்' பற்றி யாராவது கேட்டால் இது கைவசம் இருக்கட்டும், நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அது நீளும்.

நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் பொலன்னறுவை வெண்கலங்கள். 1907, 1908 வாக்கில் பெல் என்ற தொல்பொருள் ஆணையாளர் அங்குள்ள சிவாலயங்களைத் தோண்டியபோது கிடைத்தவை: நடராசர், அம்மன், நாயன்மார்கள். சேர் பொன்னம்பலம் அருணாசலம் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆனந்த குமாரசுவாமி 1914இல் ஒரு நூலே போட்டார். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். சுந்தரர் முன்னால் போய் நில்லுங்கள்.

சுந்தரர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கலியாணப் பந்தலில் மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும்போது ஒரு கிழவர் வந்து, "இவன் என் அடிமை, இதோ ஓலை" என்று வழக்குப் போடுகிறார். கலியாணம் நின்றுபோகிறது. கிழவர் யாரென்று பிறகுதான் தெரிகிறது. அந்தச் சிலையில் நகையெல்லாம் பூட்டிய ஓர் இளம்பிள்ளை, எதையோ திடீரென்று கண்டவன்போல நிற்கிறான். முகத்தில் பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று உங்கள் அறைக் கதவைத் தட்டிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிற்குமே, அந்த முகம். உங்களைப்போல இந்த வேலை பார்க்கிறவருக்கு அது சட்டென்று பிடிபடும் என்று நினைக்கிறேன்.

அங்கேயே கொஞ்ச நேரம் ஓரமாக நின்று ஆட்களையும் பாருங்கள். சிலர் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிலர் செருப்போடு வந்துவிட்டோமே என்று ஒரு கணம் தயங்கிக் காலைப் பார்ப்பார்கள். ஒருதரம் ஒரு வயதான அம்மா, மட்டக்களப்புப் பேச்சு, நடராசருக்கு முன் வந்து நின்று, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கைப்பையைத் தோளில் இருந்து இறக்காமலே கையைக் கூப்பினார். பிறகு பேரனிடம் மெல்லக் கேட்டார்: "இவருக்குப் பூ வைக்க விடமாட்டாங்களோ?" அவன், "அம்மம்மா, இது கோயில் இல்ல" என்றான். "அது அவருக்குத் தெரியுமோ?" என்றார் அம்மா.

மரபுரிமைச் சங்கத்துக்காரர்களுக்குப் பொருட்களைத் தெரியும், என்ன உலோகம், எந்த நூற்றாண்டு என்று சொல்வார்கள். அந்த அம்மா கேட்ட மாதிரிக் கேள்வி அவர்களிடம் இல்லை, அது அவர்கள் குற்றமும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆட்களோடு தினமும் இருப்பவர் நீங்கள். சரித்திரம் படிக்கவில்லையே என்று கூச்சப்படாதீர்கள். உங்களை அழைத்ததில் அவர்களுக்கே தெரியாத ஒரு நியாயம் இருக்கிறது.

ஒன்றைத் தேடி அலையாதீர்கள்: அனுராதபுரச் சிலுவை கொழும்பில் இல்லை. 1912இல் கிடைத்த அந்தக் கற்சிலுவை அனுராதபுரத்து நூதனசாலையில்தான் இருக்கிறது. ஐந்தாறு நூற்றாண்டுகளில் இங்கே இருந்த பாரசீகக் கிறிஸ்தவ வணிகர்களுடையது என்று ஒரு கருத்து, போர்த்துக்கேயக் காலத்தது என்பது இன்னொன்று. மேடையில் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு "நாங்கள்தான் முதலில்" என்ற திசைக்குப் போனால், பாதர், தயவுசெய்து தலையாட்டாதீர்கள். 'யார் முதலில்' என்ற கேள்வி இந்த நாட்டில் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிட உங்கள் வழிக்கு வருவது புறக்கோட்டையில் இருக்கிறது. பிரின்ஸ் வீதியில், தராசுக் கடைகளுக்கும் பிளாஸ்டிக் சாமான் மூட்டைகளுக்கும் நடுவில், தூண்கள் வைத்த ஒரு பழைய ஒல்லாந்த வீடு. ஆளுநர் தோமஸ் வான் ரீ வாழ்ந்த வீடு. 1696இலிருந்து அது குருமடம், உள்ளூர்ப் பிள்ளைகளைப் போதகர்களாகவும் உபாத்தியாயர்களாகவும் பழக்கிய இடம். பிறகு ஆஸ்பத்திரி, தபாற்கந்தோர் என்று பல வேஷம் போட்டு, 1982இல் ஒல்லாந்தர் கால நூதனசாலை ஆனது. கொழும்புக் குருமடத்தில் படித்தவர்களில் ஒருவர் பிலிப்பு தெ மெல்லோ, 1723இல் பிறந்த தமிழர். ஒல்லாந்தத் திருச்சபை இங்கே குருப்பட்டம் கொடுத்த முதல் உள்ளூர்க்காரர். கிரேக்க மூலத்தைப் பார்த்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார், அது 1759இல் கொழும்பில் அச்சானது. அச்சுக்கூடம் வந்து அப்போது இருபது வருடம் சொச்சம்தான், ஆளுநர் வான் இம்ஹொஃப் காலத்தில் 1737இல் வந்தது. தமிழில் வேதாகமம் என்றால் எல்லோருக்கும் தரங்கம்பாடிதான் ஞாபகம் வரும். சரிதான், அதுதான் மூத்தது. ஆனால் நம் கொழும்புக் குருமடத்தில் படித்த ஒருவரும் கிரேக்கத்தோடு மல்லுக்கட்டினார் என்பது மலையகத்திலிருந்து வந்து, கொழும்பில் தமக்கு என்ன வேர் என்று யோசிக்கும் ஒரு தமிழ்க் குருவுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரே தொழில்காரன் என்ற பாசத்தில் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம், மறைக்க மாட்டேன்.

நேரம் இருந்தால் அங்கிருந்து கொச்சிக்கடைப் பக்கம் நடக்கலாம். அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை நின்று பாருங்கள், வரிசையில் பொட்டும் திருநீறும் முக்காடும் எல்லாம் இருக்கும். அங்கிருந்து சற்று நடந்தால் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். 1850களில் பொன்னம்பல முதலியார் கட்டியதை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் முழுக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். அதே வட்டாரத்தில் கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராம விகாரை. 1873இல் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களோடு பெரும் வாதம் நடத்திய மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரை அது. அதுவும் ஒரு சமய மாநாடுதான், யாரும் அன்பைப் பற்றிப் பேசவில்லை. பத்து வருடம் கழித்து 1883 உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலமும் கத்தோலிக்கரும் கைகலந்தது. 2019 ஏப்ரல் 21 இன்னோர் உயிர்த்த ஞாயிறு, தேவாலயங்களில் குண்டு வெடித்த நாள். அதைப் பற்றி மாநாட்டில் யாராவது கட்டாயம் பேசுவார்கள், முஸ்லிம் பிரதிநிதி தரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். தேநீர் இடைவேளையில் அவர் பக்கத்தில் போய் நின்று பிளேன்டீ குடியுங்கள். பெரிய விஷயம் எதுவும் கதைக்க வேண்டியதில்லை, மழையைப் பற்றிக் கதைத்தாலும் போதும்.

இனி மூன்றாவது கேள்வி, சடங்குகள். உங்கள் மனச்சாட்சியும் உங்கள் ஆயரும் தீர்மானிக்க வேண்டியதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். மேடையில் என்ன நடக்கும், யாரையும் நோகடிக்காமல் எப்படி நகரலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வாசலில் தட்டில் சந்தனம், குங்குமம், கற்கண்டு நீட்டுவார்கள். பொட்டு வேண்டாம் என்றால் கையை நெஞ்சில் வைத்துச் சிரித்து, ஒரு கற்கண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீட்டுகிற பிள்ளைக்கு யாராவது ஏதாவது எடுத்தால் சந்தோஷம். குத்துவிளக்குக்கு ஒவ்வொருவராக அழைத்துத் திரி கொளுத்தச் சொல்வார்கள். இந்த நாட்டில் கிறிஸ்தவக் குருமார் பலர் தயங்காமல் செய்கிறார்கள், மெழுகுதிரியால்தான் கொளுத்துவதும். உங்களுக்கு ஒப்பாது என்றால் முதல் நாளே ஏற்பாட்டாளருக்குச் சொல்லிவிடுங்கள், பெயரை வாசிக்க மாட்டார்கள். மேடையில் வைத்து மறுப்பதுதான் பிழை. பிரித் ஓதும்போது மற்றவர்களைப்போல அமைதியாக இருந்தால் போதும், கைகூப்பச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. நூல் கட்ட வந்தால், வேண்டாம் என்பதை அங்கேயும் மெல்லிய தலையசைப்பில் சொல்லலாம்.

தேரர்களின் ஆசனத்தில் வெள்ளைத் துணி விரித்திருக்கும். இடம் காலியாக இருக்கிறது என்று அதில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு பேராசிரியர் உட்கார்ந்து, மண்டபமே மூச்சுவிடாமல் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். தேரருக்குக் கை கொடுக்க நீட்டாதீர்கள், கைகூப்புங்கள். பதிலுக்கு அவர் கூப்பவில்லை என்று மனம் நோகவும் வேண்டாம், அது அவர்கள் வழக்கம் இல்லை. விளிக்கும்போது தமிழில் தேரர்களுக்குச் சங்கைக்குரிய, இந்துக் குருக்களுக்குச் சிவஸ்ரீ, மௌலவிக்கு மௌலவி அவர்களே, உங்கள் ஆட்களுக்கு வணக்கத்துக்குரிய. இதை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மேடையில் எல்லாம் மறந்துபோகும். நூதனசாலையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். செல்பி பழக்கம் உள்ள உங்கள் மாணவர்கள் கூட வந்தால் அவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இதில் வம்பு வந்த கதைகள் உண்டு.

நேரம். தேரர்கள் நண்பகலுக்குப் பிறகு உண்ண மாட்டார்கள். அதனால் எந்த நிகழ்ச்சி நிரல் எப்படி இழுபட்டாலும் பதினொன்றரைக்குத் தானம் ஆரம்பித்தாக வேண்டும். நிரலில் உங்கள் பெயர் 11.15க்கு இருந்தால் பத்து நிமிடம் நாலு நிமிடமாகும் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒன்பதரைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால், கல்லின் கதையை நாலு நிமிடத்தில் சொல்லும் ஒரு வடிவத்தையும் பையில் வையுங்கள்: மூன்று காணிக்கை, அரசன் சிறை, 1588. அந்த மூன்றையும் விடாதீர்கள், மற்றதெல்லாம் போகட்டும்.

எந்த மொழியில் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தமிழில் பேசுங்கள். இப்படியான சபைகளில் தமிழர்களே ஆங்கிலத்தில் பேசிவிட்டுக் கடைசியில் "நன்றி, வணக்கம்" என்று இரண்டு சொல் தமிழுக்குப் பிச்சை போடுவார்கள். தமிழ்ப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதற்கு ஒரு சாட்சி: ஒரு சங்கத்தின் அழைப்பிதழில் 'சர்வமத மாநாடு' என்பது நடு எழுத்து விழுந்து 'சர்வமத மாடு' என்று அச்சாகி, முன்னூறு பிரதியும் கைக்குக் கை போய்விட்டது. சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் மூன்று பேர் திருத்தியிருந்தார்கள். மாநாட்டுக்கு நா போய்விட்டதே என்று நான் சொன்னபோது செயலாளருக்குப் பகிடி விளங்கவில்லை, அதையும் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. 1409இல் சீனச் சக்கரவர்த்தியின் எழுத்தர்கள்கூடத் தமிழை ஒழுங்காகப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள் என்பதை உங்கள் உரையில் நீங்கள் ஒரு வரியில் சேர்த்தால் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம்.

கடைசியாக ஒன்று, இது முழுக்க முழுக்கச் சுயநலம். உரையை முதல் நாளே எழுதி, ஒரு பிரதியை மொழிபெயர்ப்பாளர் கூண்டில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அழகக்கோனார், தேனாவரை, யொங்லே என்று நீங்கள் மேடையில் அடுக்கும்போது அந்தப் பிள்ளை கண்ணாடிக்குப் பின்னால் திணறக்கூடாது. கூடவே ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுபோங்கள். மேடையில் எல்லோருக்கும் வைப்பார்கள், கூண்டுக்கு வைக்க மறந்துவிடுவார்கள்.